மஞ்சளில் விழுந்த கோடு

அத்தியாயம் 11

போன வாரம் பரிமளாவைக் கையில் வலையோடு கொல்லையில் நிறுத்திவிட்டு வந்தோம். வலைக்குள் இரண்டு மாதத்து மீன்குஞ்சு ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. முழுக்க மஞ்சளாக இருக்க வேண்டிய உடம்பில், முதுகிலிருந்து வயிறு வரைக்கும் சாம்பல் நிறத்தில் ஐந்தாறு கோடுகள்.

இதே கோடுதான் மேரியின் தொட்டியில் முதலில் தெரிந்தது. அன்றிலிருந்து பத்து நாளாக மகளிர் குழுவில் வேறு பேச்சே இல்லை. வாரா வாரம் வேன் கொண்டுவந்து மீன் எடுத்துப்போகும் கொளத்தூர் வியாபாரி அரவிந்தன், வேறு ஜாதி மீனின் கலப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை ஒரு மீன்கூட எடுக்க மாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டான். குழுவில் ஏழு பெண்களின் தொட்டிகளிலும் விற்கிற பருவத்து மீன் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. மேரி எந்தக் கண்றாவியைக் கொண்டுவந்து உள்ளே விட்டாளோ என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கேட்டவர்களில் நம்முடைய பரிமளாவும் ஒருத்தி. அதை மறைப்பானேன்.

இப்போது அதே கோடு அவள் வீட்டுக் குஞ்சுப் பெட்டியில். மேரியின் மீன் ஒன்றுகூட இந்த வீட்டுக்குள் வந்தது கிடையாது. போனதெல்லாம் இங்கிருந்து அங்கேதான்.

ஒரே ஒரு குஞ்சென்றால் ஏதோ பிசகு என்று விட்டிருப்பாள். பொழுது நன்றாக விடிவதற்குள் பெட்டி முழுவதையும் அலசி, குஞ்சுகளை வெள்ளை பேசினில் பிரித்து விட்டுப் பார்த்தாள். நாற்பத்திரண்டில் ஒன்பதுக்குக் கோடு. மூன்று வெளுத்து, பழைய வேட்டி நிறத்தில் இருந்தன. ஒன்று நல்ல நீலம். மீதி மஞ்சள்தான். ஆனால் அந்த மஞ்சளையும் இனிமேல் நம்புவதற்கில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக இந்த மீனைப் பற்றி இரண்டு வார்த்தை. கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற சிக்லிட் மீன் இது. பில்லில் யெல்லோ லேப் என்று எழுதுவார்கள், ஊரில் மஞ்சள் மீன். பெண் மீன் முட்டையிட்டதும் அதைத் தன் வாய்க்குள் அள்ளி வைத்துக்கொண்டு, மூன்று வாரம் இரை எடுக்காமல் காக்கும். அந்த மீனைப் பிடித்து, நோகாமல் தாடையைத் திறந்து, குஞ்சுகளைத் தண்ணீரில் உதிர்க்க ஒரு தனிக் கை வேண்டும். அந்தக் கை பரிமளாவுக்கு இருந்தது. ஏழு பேருக்கும் தொழில் பழக்கியவள் அவள்தான். முதல் தாய் மீன்களும் அவள் கொடுத்தவைதான்.

மதுராந்தகத்தில் வாழ்க்கைப்பட்டு, ஆறாவது வருஷம் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள் அவள். வந்த புதிதில் யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஒரு வேலையும் சொல்லவில்லை. அதுதான் அவளை அரித்தது. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைக்கும்போதுகூட, நமக்கு இதற்குப் பாத்தியதை உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். தொட்டிகள் வந்த பிறகுதான் அந்த வீட்டு வாசலில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

கலப்பு இந்த வீட்டிலிருந்துதான் என்றால், எந்த இடத்தில்?

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்றாம் தொட்டியில் இறங்கினாள். மூத்த மீன்கள் இருக்கிற சிமெண்ட் தொட்டி. மீன்கள் ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த ஓட்டுச் சில்லுகளையும் உடைந்த பானைகளையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு மீனாகப் பிடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். மஞ்சள் மீனுக்கு முதுகுத் துடுப்பில் புடவைக் கரை போலக் கறுப்பு ஓடும். பதினாலு பெண் மீன்களில் பத்துக்கு அந்தக் கரை இருந்தது. நாலுக்கு இல்லை. அந்த நாலுக்கும் முகம் மழுங்கலாக, உடம்பு ஒரு சுற்றுப் பெரிதாக, மஞ்சளில் லேசாக ஆரஞ்சு ஏறியிருந்தது.

வயதாகிக் கரை மங்கிவிட்டது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். நினைத்துக்கொள்ள வசதியாக இருந்ததை நினைத்தாள் என்றும் சொல்லலாம்.

அவை மஞ்சள் மீனே இல்லை, ஜீப்ரா. ஐந்தாம் தொட்டியில் இருந்த வேறு ஜாதி. அதில் ஆண் நீலம், பெண் ஆரஞ்சு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகையில் அடித்த புயலில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்து, வாய்க்கால் தண்ணீர் கொல்லைக்குள் ஏறி, ஐந்து தொட்டிகளும் மூழ்கின. மறுநாள் காலையில் முழங்கால் தண்ணீரில் பரிமளா ஒருத்தியாக நின்று, குட்டையிலும் முருங்கை மரத்தடியிலும் மாட்டுக் கொட்டகையிலும் சிதறிக் கிடந்த மீன்களைக் கூடையால் வாரினாள். நீலமெல்லாம் ஐந்தாம் தொட்டிக்கு, மஞ்சளெல்லாம் மூன்றாம் தொட்டிக்கு. பயந்த மீனுக்கு நிறம் இறங்கிவிடும். சேற்றுத் தண்ணீரில் அலைந்த ஆரஞ்சு மீன் வெளுத்து மஞ்சளாகத்தான் தெரியும். அவள் நிறத்தைப் பார்த்தாளே தவிர துடுப்பைப் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

ஜீப்ராவில் பெண் மீன் குறைந்ததை, தண்ணீரோடு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். தங்கச்சி மட்டும் இல்லையென்றால் எல்லாம் போயிருக்கும் என்று அண்ணன் செந்தமிழன் அன்று தெருவில் நாலு பேரிடம் சொன்னான். திரும்பி வந்த பிறகு அவள் காதுபட வந்த முதல் நல்ல வார்த்தை அது. அந்த வார்த்தையை வாங்கிக்கொடுத்த வேலையில்தான் இத்தனையும் கெட்டிருந்தது.

அடுத்துப் பிறந்தவை மஞ்சளாகத்தான் பிறந்தன. கொஞ்சம் தங்க நிறம், நல்ல வளர்த்தி. பரிமளா பூரித்துப்போய் அவற்றைத் தாய் மீன்களாக ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுத்தாள், நாலாம் தொட்டியில் தனக்கும் சில வைத்துக்கொண்டாள்; இன்று பெட்டியில் எண்ணிய குஞ்சுகள் அவை ஈன்றவைதான். அதிலும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி மேரிக்குக் கொடுத்தாள்.

தண்ணீரிலிருந்து ஏறி நேரே வீட்டுக்குள் நடந்தாள்.

*

செந்தமிழன் கூடத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் ஈரப் புடவையோடு நிலைப்படியில் நின்று ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணி சுதா சட்னிக் கிண்ணமும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள்.

“மேரி மேல தப்பு இல்லண்ணா. கோடு நம்ம பொட்டியிலயே கீது. புயல் அன்னிக்கு நான்தான் ஜீப்ராவ மஞ்சள்ல போட்டுட்டேன்.”

செந்தமிழன் எழுந்து கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டான். கோபப்படவில்லை. வெளியே யாரிடமாவது சொன்னாயா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றாள்.

“அப்ப சொல்லாத.”

பிறகு நிதானமாக விளக்கினான். அரவிந்தன் மூன்று மணிக்கு வருகிறான். கலப்பு மேரியின் தொட்டியில்தான் என்று அவனிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு தொட்டியைக் காலி செய்துவிட்டால் மற்றவர்களின் மீனை இன்றைக்கே ஏற்றிக்கொள்வான். கலப்பு மூத்த மீனிலேயே என்று தெரிந்தால் ஏழு தொட்டியும் போகும், இந்த வீட்டுத் தொட்டிகளும் போகும். பழையசீவரத்தில் புதுப் பண்ணை போடுகிறவர்களுக்கு இங்கிருந்துதான் தாய் மீன் என்று பேச்சு நடக்கிறது, அதுவும் போகும். நம்மை நம்பித் தொட்டி கட்டியவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேட்க நியாயம் போலத்தான் இருந்தது. ஆறு பேருக்காக ஒருத்தி என்று ஆரம்பித்தால் எதுவும் நியாயம் போலத்தான் இருக்கும்.

“மேரிக்கு இன்னா பதில்ண்ணா?”

“அப்பால நல்ல மீனா நாலு ஜோடி குடுத்துடலாம். நாம நின்னாத்தானே குடுக்க முடியும்?”

செந்தமிழனைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட முடியாது. மதுராந்தகத்திலிருந்து அவள் போன் செய்த அன்று, ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தவன். வழியில் டீ வாங்கிக் கொடுத்தான், வீடு வரும் வரை திரும்பிப் பார்க்காமல் வண்டி ஓட்டினான். இன்றுவரை அங்கே என்ன நடந்தது என்று கேட்டதில்லை. அப்படிப்பட்டவனை எதிர்த்துப் பேச பரிமளாவுக்கு நாக்கு எழவில்லை.

சுதாதான் சும்மா இருக்கவில்லை. காலனிக்குக் கொடுக்கும்போதே வேண்டாம் என்று சொன்னேனே என்று முணுமுணுத்தாள். கலப்பு சொந்தக் கொல்லையிலிருந்து போனது என்று காதால் கேட்டு ஐந்து நிமிஷம் ஆகவில்லை. இருந்தும் அவள் வாயில் அதுதான் வந்தது.

செந்தமிழன் வெளியே போன பிறகு, அவளே கிட்டே வந்து பரிமளாவின் தோளில் கை வைத்தாள்.

“இந்த வூட்ல உனக்குன்னு கீறது அந்தத் தொட்டிதான் பரிமளா. அதையும் ஒடச்சுக்காத.”

அன்பாகத்தான் சொன்னாள். பரிமளா புடவை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

*

பதினோரு மணி வாக்கில் அவள் காலனிக்குப் போனாள். இப்போதே மேரியிடம் சொல்லிவிடுவது, மூன்று மணிக்கு வருவது வரட்டும் என்பது அவள் எண்ணம்.

மேரி வீடு தெருவின் முதல் வீடு. கிணற்றுக்குப் போடுகிற பெரிய சிமெண்ட் உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியைப் பூசித் தொட்டியாக்கியிருந்தார்கள். பூசியது அவள் புருஷன் அருள்தாஸ். ஒரகடம் பக்கம் பெயிண்ட் வேலைக்குப் போகிறவன், காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். மேலே கொசுவலை போர்த்தி, காற்றில் பறக்காமல் நான்கு பக்கமும் செங்கல் வைத்திருந்தாள் மேரி.

போன வருஷம்வரை செந்தமிழன் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். இந்தத் தொட்டி வந்த பிறகு வயலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள். கடையில் வாங்கும் தீனியோடு முருங்கைக்கீரையை வேகவைத்து, அரைத்து, உருட்டிப் போடுவாள். அவள் மீன்தான் குழுவிலேயே சீக்கிரம் பருவத்துக்கு வந்தது, சீக்கிரம் குஞ்சு பொரித்தது. அக்கறையாக வளர்த்ததற்கு அவள் கண்ட பலன், கோடு முதலில் அவள் தொட்டியில் தெரிந்ததுதான்.

பரிமளாவைப் பார்த்ததும் மேரி கீரை அரைத்த கையோடு எழுந்து வந்தாள். பத்து நாளில் முகம் சுருங்கிப் போயிருந்தது. குழாயடியில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றாள். புருஷன்கூட, நீ நிஜமாகவே எதையும் வாங்கி விடவில்லையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டானாம்.

“நீ குடுத்ததுக்கு மேல ஒரு மீனு நான் வுடலக்கா. மூணு மணிக்கு நீ சொல்றத்ததான் அவங்க கேப்பாங்க. எனக்காக ஒரு வார்த்த பேசுக்கா.”

சொல்ல வந்தவளுக்கு அந்த இடத்தில் வாய் அடைத்துவிட்டது. சொன்னால் மேரி சும்மா இருப்பாளா, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவாள், அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனசு எங்கெங்கோ ஓடியது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாள். வருகிறேன் என்றால் பேசுகிறேன் என்று மேரி எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், மூன்று மணிக்குச் சொல்லிவிடலாம், எல்லோரும் இருக்கும்போது சொல்வதுதான் முறை என்று பரிமளா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தள்ளிப்போடுகிறவர்களுக்கு முறை என்ற சொல் நன்றாக உதவுகிறது.

*

மூன்றேகாலுக்கு மேரி வீட்டு வாசலுக்கு வேன் வந்தது. அரவிந்தன் முப்பது வயதுப் பையன், மரியாதை தெரிந்தவன், யாரையும் ஏசமாட்டான். கூடவே செந்தமிழனும் வந்தான். குழுவில் மற்ற ஆறு பேரும் வந்திருந்தார்கள். அவர்களில் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்கள். காலனித் தெருக்காரர்கள் தங்கள் தங்கள் வாசலில் நின்றார்கள். எல்லோருமாக நாற்பது பேராவது இருக்கும்.

அரவிந்தன் சின்னக் கண்ணாடிப் பெட்டியில் தண்ணீர் மொண்டு, கோடு போட்ட மீனை அதில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். பிறகு தாய் மீன்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

கடைசியில் பொறுமையாகச் சொன்னான். இரண்டு ஜாதி கலந்தால் முதல் தலைமுறையில் பெரிதாகத் தெரியாது, மஞ்சளாகவே இருக்கும், அதுகளின் குஞ்சுகளில்தான் கோடும் நீலமும் வெளியே வரும். அப்படியென்றால் இது நேற்று இன்று கலந்ததாகத் தோன்றவில்லை என்றான். சொல்லிவிட்டுப் பரிமளாவின் பக்கம் திரும்பினான்.

“தாய் மீனு நீங்க குடுத்ததுதானேக்கா? அது சுத்தம்தானே?”

அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். செந்தமிழன் மட்டும் பார்க்கவில்லை. மேரி வீட்டு முருங்கை மரத்தையே வெறித்துக்கொண்டு நின்றான்.

மேரி பார்த்த பார்வையில் பயமே இல்லை. பரிமளாக்கா வந்துவிட்டாள், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்கிற தெளிவு காலையில் சுருங்கிக் கிடந்த அந்த முகத்தில் வந்திருந்தது. பேசப்போகிறவளுக்கு இடம் விடுகிற மாதிரி இரண்டடி நகர்ந்துகூட நின்றாள்.

பரிமளாவுக்கு அண்ணன் வீட்டுக் கூடம் நினைவுக்கு வந்தது. ஒரு பையோடு போய் நின்ற அந்த நாள் நினைவுக்கு வந்தது. மறுபடியும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போக இடமில்லை.

“சுத்தம்தான்,” என்றாள்.

அதற்கு மேல் அவள் பேச வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தைச் செந்தமிழன் பார்த்துக்கொண்டான். காஞ்சிபுரத்துக் கடைகளில் கண்ட மீனும் கிடைக்கிறது, குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று தெரியாமல் வாங்கி விட்டிருப்பார்கள், படிப்பினைதான் என்று தன்மையாகவே பேசினான். நான் எதையும் வாங்கவில்லை என்று மேரி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. பரிமளாவைப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டாள்.

அரவிந்தன் முழுசாக நம்பின மாதிரி தெரியவில்லை. ஆனால் வியாபாரத்துக்கு வந்தவன், கொடுத்தவளே சுத்தம் என்று சொன்ன பிறகு அவன் தோண்டிக்கொண்டிருப்பானா. இந்த மீனை விற்கக் கூடாது, ஏரியிலோ கிணற்றிலோ விடவும் கூடாது, குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட வேண்டும், தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பதினைந்து நாள் காயவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, மற்ற வீடுகளில் மீன் பிடிக்கப் போனான். ஆறு பெண்களும் அவன் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

மேரி யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. மண்வெட்டியால் வீட்டுப் பின்புறம் அவளே குழி வெட்டினாள். தொட்டியின் அடிக் குழாயைப் பிடுங்கினாள். தண்ணீர் தெருவில் ஓடி, அடியில் ஒரு சாண் நின்றபோது, வாளியால் மீன்களை மொண்டு கொண்டுபோய்க் குழியில் கொட்டினாள். மஞ்சள் மீன், கோடு மீன், நீல மீன் எல்லாம் ஒன்றாகத் துடித்தன.

பரிமளாவுக்குப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாளியில் ஒரு மீன் தொண்டை உப்பிக்கொண்டு கிடந்தது. வாய் நிறையக் குஞ்சு வைத்திருக்கிற மீன். பழகின கை அதுபாட்டுக்குப் போய் அதை எடுத்தது. விரலுக்கு அடியில், மீனின் தொண்டைக்குள் குஞ்சுகள் நெளிவது தெரிந்தது.

“வாணாம்மா. நானே பாத்துக்கறேன்.”

மேரி அவள் கையிலிருந்து மீனை வாங்கி வாளியில் போட்டாள். அம்மா என்பது வயலில் நாற்று நட வந்த காலத்துப் பேச்சு. குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாயில் அக்காவைத் தவிர வேறு வந்ததில்லை. பரிமளா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

*

ஐந்து மணிக்குள் வேன் நிறைந்து கிளம்பிவிட்டது. செந்தமிழன் களைத்துப் போய் வந்து உட்கார்ந்தான். நல்ல வேளையாகத் தெளிவாகச் சொன்னாய், நீ தடுமாறியிருந்தால் எல்லாம் போயிருக்கும் என்றான். சுதா டீயோடு இரண்டு வடையும் வைத்து அவள் கையில் கொடுத்தாள். இந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த இரண்டாவது நல்ல வார்த்தை இது. பரிமளா டீயை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வாழைக்கு ஊற்றினாள். வடையைத் தொடவில்லை.

இருட்டுவதற்குள் போய்விட வேண்டும் என்று செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தாள்.

மேரி காலியான உறைக்குள் இறங்கி, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிளீச்சிங் பவுடர் நெடி தெருவரைக்கும் அடித்தது. தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. பரிமளா உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“மேரி, கலப்பு என் கையால ஆனது. உன் மேல ஒண்ணும் இல்ல.”

தேய்ப்பது நிற்கவில்லை. பரிமளா எல்லாவற்றையும் சொன்னாள். புயல், முழங்கால் தண்ணீர், கரையில்லாத நாலு மீன், இன்று காலை தன் பெட்டியில் எண்ணிப் பார்த்த ஒன்பது குஞ்சு எல்லாம். மூன்று மணிக்குச் சொல்லத்தான் வந்தேன், வாய் வரவில்லை என்று சொல்லும்போது அழுதுவிட்டாள். மேரி அழுவாள், திட்டுவாள், கடைசியில் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள். பாரத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும், அதற்கு வேறு யாரும் அவளுக்கு இல்லை.

மேரி அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“இத்த வேற யார்கிட்ட சொன்னீங்க?”

“வூட்ல தெரியும். வெளிய உன்கிட்டதான் சொல்றேன் மேரி.”

அதைக் கேட்டுத்தான் மேரி நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது. பவுடர் நெடியாலா வேறு எதனாலா என்று சொல்ல முடியாது. குரலை உயர்த்தவே இல்லை.

“அத்தினி பேரு நின்னாங்களே, அவங்களுக்கு இல்ல தெரியணும். நான் பண்ணலன்னு எனக்குத் தெரியாதா? என்கிட்ட வந்து சொல்றீங்களே.”

பரிமளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரிலேயே இந்த விஷயத்தைச் சொல்லத் தேவையே இல்லாத ஒருத்தியிடம்தான், துணிச்சலை எல்லாம் திரட்டிக்கொண்டு வந்து சொல்லியிருக்கிறாள். மேரி மறுபடி குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

தெருமுனையிலிருந்து யாரோ பரிமளா, பரிமளா என்று கூப்பிட்டார்கள். குழுவிலேயே மூத்தவள், மேலத்தெரு பாஞ்சாலி. காலனித் தெருவுக்குள் கால் வைக்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மூச்சு வாங்க, ஒரு பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் குழுவில் இன்னும் இரண்டு பெண்கள். பரிமளா பத்தடி நடந்து அவர்களிடம் போனாள்.

வேன் போன பிறகு தொட்டியைக் கழுவலாம் என்று மிச்ச மீனைப் பிடித்ததில் இது அகப்பட்டதாம். பாஞ்சாலி சொம்பை நீட்டினாள். அரைச் சொம்புத் தண்ணீரில் ஒரு குஞ்சு வட்டமடித்துக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சத்திலும் அதன் முதுகிலிருந்து வயிறு வரைக்கும் கோடுகள் நன்றாகவே தெரிந்தன.

“இத்த பாரு பரிமளா, என் தொட்டியிலயும் கோடு வுழுந்துட்ச்சு. எல்லாம் அந்த மேரி தொட்டித் தண்ணியாலதானே? நீ சொன்னா சரி.”

பின்னால் நின்ற இருவரும் ஆமாம் என்பது போல அவளைப் பார்த்தார்கள். பரிமளா சொம்பை வாங்கிக்கொண்டாள்.

பத்தடிக்குப் பின்னால், உறைக்குள், தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டிருந்தது.